பீடத்தில் வைத்த ஒரு டம்ளர் தண்ணீர்

அன்புள்ள ஜெயசீலா,

நான் நாற்பது நிமிடம் பேசவில்லை. பதினோரு நிமிடம் பேசினேன். கோயில் சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துத்தான் தொடங்கினேன், பார்த்துத்தான் முடித்தேன். நம் சபையில் அறுப்பின் பண்டிகையன்று நடந்ததைப் பற்றி உன் சித்தி மகள் சுகந்தி பொழிச்சலூரிலிருந்து உனக்குப் போன் செய்து மூன்று செய்திகள் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா நாற்பது நிமிடம் மைக்கை விடவில்லை, பீடத்தின் மேல் தண்ணீர் டம்ளரை மறந்து வைத்துவிட்டார்கள், எல்லோர் முன்னாலும் தனியாகச் சிரித்தார்கள். முதல் இரண்டும் பொய். மூன்றாவது மட்டும் உண்மை. அதையும் அவள் பாதிதான் சொல்லியிருக்கிறாள்.

அவள் பேசிய மறுநாளே நீ எனக்குப் போன் செய்தாய். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்டுவிட்டு, மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல், "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" என்றாய். "எனக்கு செவ்வாய்க்கிழமை. உனக்கு அங்கே இன்னும் திங்கக்கிழமைதானே?" என்றேன். நீ சிரிக்கவில்லை. டிசம்பரில் வருவதாகவும், ஞாபகசக்தியைப் பரிசோதிக்கும் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகவும், அப்படியே இந்த வீட்டை என்ன செய்வது என்று பேசலாம் என்றும் சொன்னாய். போனை வைத்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்கான காரணத்தைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். என் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது, அதனால் எழுத்தும் கோடு தாண்டாது.

சென்ற ஜனவரியில் நீ வந்திருந்தபோது மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். "நீங்களும் வாங்கம்மா" என்றாய். முழங்கால் வலிக்கிறது என்றேன். முழங்கால் வலிக்கவில்லை. நீ வானத்தைப் பற்றிப் பேசி, அதில் எங்கேயாவது கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற பயம். அவ்வளவுதான். அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் வசந்தா என் பழைய மாணவி. அவள் உன் பேச்சை முழுவதும் செல்போனில் பதிவு செய்து அன்றைக்கே எனக்கு அனுப்பினாள். ஐந்து மாதம் நான் அதைத் திறக்கவில்லை. ஜூனில் கண்புரை அறுவை செய்துகொண்டேன் அல்லவா, அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. சுவரில் இருந்த ஒட்டடை முதற்கொண்டு தெரிந்தது. ஒரு பகல் முழுவதும் வீட்டைத் துடைத்தேன். துடைத்து முடித்து, இனிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்ற நிலையில்தான் உன் பேச்சைப் போட்டேன்.

நான்கு முறை பார்த்தேன், ஜெயசீலா. இரண்டாவது முறை நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். நீ பதினேழு இடத்தில் "ஆக்சுவலி" என்கிறாய். குறைத்துக்கொள். கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு பேசுகிறாய், அதுவும் கூடாது. ஆனால் அந்த ரயில் விளக்கைப் பற்றிச் சொன்னாயே! "தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்துல நின்னு, செங்கல்பட்டு பக்கத்துலேர்ந்து வர்ற ரயிலோட ஹெட்லைட்டைப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஒரு கொசு பறந்து போனா வெளிச்சம் எவ்வளவு குறையும்? அதை அளக்கறதுதான் என் வேலை. விளக்கு நட்சத்திரம், கொசு கோள்." அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் எழுந்து நடந்தேன். எலெக்ட்ரிக் ரயிலில் கார்டாக முப்பது வருடம் போய்வந்த உன் அப்பா கேட்டிருந்தால் அந்த மேம்பாலத்தை விட்டு இறங்கியே இருக்க மாட்டார். உன் வேலை என்ன என்று சபையில் யார் கேட்டாலும் இத்தனை வருடம் "ஏதோ ரிசர்ச்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பெற்ற மகன் என்ன வேலை செய்கிறான் என்பது எனக்கு எழுபத்தாறு வயதில் தெரிந்தது.

பிறகு ஒரு பெண்ணின் தண்ணீர் பாட்டிலை வாங்கி மேசைமேல் வைத்து, மூடியைத் திறந்தாய். "இதை எந்த கோளுக்கு வேணா எடுத்துட்டுப் போங்க. வெளியில திறந்து வெச்சா தண்ணியாவே இருக்கணும். எங்க வைக்கலாம்?" பிள்ளைகள் கத்தினார்கள். வெள்ளி என்றான் ஒருவன். பூமியின் அளவுதான், பக்கத்து வீடுதான், ஆனால் ஈயம் உருகுகிற சூடு, தண்ணீர் ஆவியாகிவிடும் என்றாய். செவ்வாய் என்றாள் ஒருத்தி. ஆறு ஓடிய தடம் இருக்கிறது, ஆறு இல்லை, காற்றின் அழுத்தம் போதாது, தண்ணீர் பாதி கொதித்துப் பாதி உறையும் என்றாய். மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறோம், நானும் என் பங்குக்குச் சிலவற்றைத் தேடியிருக்கிறேன், ஆனால் இந்தப் பாட்டிலை நம்பி வைக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை என்றாய். பெரும்பாலானவை ஒன்று அடுப்பு, அல்லது ஐஸ்பெட்டி, அல்லது நிற்கவே தரை இல்லாத வெறும் வாயு. பிறகு பாட்டிலை அந்தப் பெண்ணிடமே கொடுத்து, "குடிம்மா" என்றாய். அவள் குடித்தாள். வகுப்பே அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் முப்பத்தோரு வருடம் புவியியல் ஆசிரியை. "பூமியில் உயிர்கள் வாழக் காரணங்கள் இரண்டு தருக" என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. தண்ணீர், காற்று என்று எழுதினால் இரண்டு மதிப்பெண். ஆயிரக்கணக்கான தாள்களில் சிவப்பு மையால் சரி போட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, எனக்கு உடம்பு சிலிர்த்ததா? இல்லை. உன் பேச்சைக் கேட்ட அன்று சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அது அசையாமல் இருந்தது. கொதிக்கவில்லை, உறையவில்லை, ஆவியாகப் பறக்கவில்லை. தன்பாட்டுக்குத் தண்ணீராக இருந்தது. ஐஸ் தண்ணீரில் மிதப்பதைக்கூட அன்றுதான் யோசித்தேன். மூழ்குவதாக இருந்தால் குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து உறைந்து மீன்களெல்லாம் செத்திருக்கும். யார் கேட்டார்கள் அதை மிதக்கச் சொல்லி? நாம் ஜூஸில் போட்டுக் கலக்கிவிட்டுப் பேசாமல் குடித்துவிடுகிறோம்.

மறுநாள் விடியற்காலையில் மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போனபோது கிழக்கே பெரிய வெளிச்சம் ஒன்று தெரிந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் என்று நினைத்துக் காத்திருந்தேன். இறங்கவில்லை. நகரவே இல்லை. வெள்ளி! ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டே நின்றேன். அவ்வளவு அழகாக இருக்கிறது, ஒரு வாய் தண்ணீருக்கு வழியில்லை. கீழே குனிந்தால், நம் தெருமுனையில் வேம்பு, அதில் இரண்டு மைனா, எதிர்வீட்டுக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டு யாரையோ திட்டும் குரல். எனக்கு அப்போது ஜெபம் வரவில்லை. சத்தமாக "ஐயோ" என்றுதான் வந்தது. ஆனால் அதைவிட நல்ல ஜெபம் நான் பண்ணியதில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது உன் பேச்சின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். ஒரு சிறுபெண் எழுந்து கேட்டாள்: "சார், அப்ப இதெல்லாம் சாமி செஞ்சதா, தானா வந்ததா?" நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். நீ சொன்னாய்: "அது எனக்குத் தெரியாதும்மா. எங்கம்மாவைத்தான் கேக்கணும். ஆனா பார்த்துக் கேளு. நான் சின்ன வயசுல அவங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வரி எழுதிக் குடுத்தேன், மார்க் போயிடுச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் நான் நான்கு முறை பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சரியான விடைகள் நினைவில் நிற்பதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது. சபையில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டுப் பரீட்சை. வினாத்தாள் தயாரித்ததும் நான், திருத்தியதும் நான். "படைப்பின் நான்காம் நாளில் தேவன் உண்டாக்கியவை எவை?" என்று கேட்டிருந்தேன். நீ எழுதினாய்: "சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள். நட்சத்திரங்களுக்கும் பூமியைப் போலப் பிள்ளைகள் இருக்கும். அதைப் பற்றி எழுத வேதத்தில் இடம் போதவில்லை என்று நினைக்கிறேன்." வேறு எந்தப் பிள்ளை எழுதியிருந்தாலும் முதல் வரிக்கு மதிப்பெண் போட்டிருப்பேன். நீ என் மகன். சலுகை காட்டினேன் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாது. முழு விடையையும் அடித்தேன். உனக்கு வரவேண்டிய முதல் பரிசு வேறு பையனுக்குப் போயிற்று. போதாததற்கு எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் உன் தாளைத் தூக்கிக் காட்டி, "கேட்டதற்கு மட்டும் பதில் எழுதப் பழக வேண்டும்" என்றேன். என்னைக் கான்வென்டில் சிஸ்டர்கள் அப்படித்தான் வளர்த்தார்கள். முழு வாக்கியம், நேர்க்கோடு, கேட்டதற்கு மட்டும் பதில். அதனால் எனக்கு நல்ல கையெழுத்து வந்தது. அதைத் தவிர வேறென்ன வந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா என்னிடம், "பையன் சரியாத்தானே எழுதியிருக்கான். ஒரு மார்க் போட்டா உன் பேனாவுல இங்க் தீந்துடுமா?" என்றார். "உங்க ரயிலை நீங்க பாருங்க, என் வகுப்பை நான் பார்த்துக்கறேன்" என்றேன். நீ அழவில்லை, வாதாடவில்லை. அதற்குப் பிறகு உன் அப்பாவுடன் மாடிக்குப் போய் வானத்தைப் பார்ப்பாய். என்னிடம் வானத்தைப் பற்றி நீ எதுவும் கேட்டதில்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உன் அப்பாவின் அடக்க ஆராதனையன்று நீ என் அருகில் வந்து, "வேதபாடம் நான் வாசிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாய். "கோயிலுக்கு வராதவன் வாசிக்க வேண்டாம். நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்றேன். சுகந்தியின் கணவர் வாசித்தார். ழகரம் ஒன்றுகூட வாயில் நுழையவில்லை, ஒரு வசனத்தைத் தாண்டியும் போய்விட்டார். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த நாலு பேர் யார் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் எனக்குப் பெயர் சொல்லத் தெரியாது.

சரி, பண்டிகைக்கு வருகிறேன். உனக்குத்தான் தெரியுமே, அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததில் முதல் தரமானதைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்போம். வருடா வருடம் நம் கொல்லையின் வாழைத்தாரைப் பார்த்து எத்தனை பேருக்கு வயிறு எரிந்திருக்கும்! இந்த வருடமும் தார் நன்றாகவே இருந்தது. ஆனால் அதிகாலையில் கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது எனக்குத் தோன்றியது: இருப்பதிலேயே அரிதானது எது என்று தெரிந்த பிறகும் வாழைத்தாரை எடுத்துப்போனால் நான் கெட்டிக்காரியா? உன் அப்பாவின் எவர்சில்வர் டம்ளரைப் பளபளவென்று தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வெள்ளைத் துணியால் மூடி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டே போனேன். பள்ளத்தில் ஏறி இறங்கியும் ஒரு சொட்டு சிந்தவில்லை. பூசணிக்கும் கரும்புக்கும் நடுவில் வைத்தேன்.

மிஸஸ் தங்கராஜ் என் தோளைத் தட்டினாள். "அக்கா, மாத்திரை போட கொண்டு வந்த டம்ளரை அங்க வச்சிட்டீங்க பாருங்க."

"மாத்திரைக்கு இல்லை. காணிக்கை."

"தண்ணியா? என்னக்கா, இந்த வருஷம் தார் போடலையா?"

"அதெல்லாம் நல்லா போட்டிருக்கு. சாயங்காலம் ஒரு சீப்பு அனுப்பறேன், சாப்பிட்டுப் பாரு" என்றேன்.

ஆராதனை முடிந்து வழக்கம்போல் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடத் தொடங்கினார்கள். கோழிக்கு ஒரு சத்தம், தேங்காய்க்கு ஒரு சத்தம். என் டம்ளரின் முறை வந்தபோது ஏலம் விடுகிற தம்பி அதைத் தூக்கிப் பார்த்துத் திகைத்து நின்றான். டம்ளர் காலி! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நம் கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் மாசிலாமணி பின்னாலிருந்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"யம்மா, கோச்சிக்காதீங்க. காலைலேர்ந்து பந்தக்கால் நட்டுகினு ஒரே தாகமா இருந்திச்சு. பீடத்தண்ட யாரோ தண்ணி வச்சிக்கிறாங்களேன்னு எட்த்து குட்சிட்டேன். காணிக்கைன்னு தெரியாதும்மா."

"நல்லா இருந்துச்சா, மாசிலாமணி?"

"இன்னாம்மா அப்படி கேக்கறீங்க? தேனாட்டம் இருந்திச்சு."

அப்போதுதான் சிரித்தேன், ஜெயசீலா. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். இந்த மகா பெரிய இருட்டில் ஒரு டம்ளர் தண்ணீரும், அதைக் குடிக்க ஒரு தாகமும், குடித்துவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்ல ஒரு வாயும் ஒரே இடத்தில் இருக்கின்றன. எதற்காகக் காணிக்கை வைத்தேனோ அது என் கண் முன்னால் நடந்துவிட்டது. சபை ஆயர் கலவரப்பட்டு, "அம்மா, ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?" என்று மைக்கை நீட்டினார். சொன்னேன். உன் ரயில் விளக்கு, உன் கொசு, உன் தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும். "இது என் மகன் பார்க்கிற வேலை" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். சுகந்தி உனக்கு அதைச் சொல்லவில்லை அல்லவா?

கீழே இறங்கியதும் மிஸஸ் தங்கராஜ் ஒரு கேள்வி கேட்டாள். மற்றபடி வாயாடி, ஆனால் கேள்வி நல்ல கேள்வி. "அப்போ மத்த இடமெல்லாம் ஆண்டவர் எதுக்கு வீணா படைச்சாராம்?" எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தியவளின் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல் எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா? நான் உனக்கு நிரூபிக்க வரவில்லை. இவ்வளவு அரிதாக இருப்பதால் கடவுள் இருக்கிறார் என்று நான் சொன்னால், நீ உடனே சரிபார்க்கப் பென்சிலை எடுத்துக்கொள்வாய், எடுக்கவும் வேண்டும். நான் சொல்வது நன்றி மட்டும்தான். யாரோ கொடுத்ததுபோல் இருக்கிறது, வாங்கிக்கொண்டவள் வாய் மூடி இருப்பது மரியாதை இல்லை. நாளைக்கே உன் கொசுக்களில் ஒன்றில் உயிர் இருப்பதாக நீ கண்டுபிடித்தால் என் விசுவாசம் உடைந்துவிடுமோ என்று கவலைப்படாதே. அங்கேயும் யாருக்கோ தாகம் எடுக்கிறது என்று அன்றைக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய் வைப்பேன்.

டாக்டரிடம் வருகிறேன். நீ பக்கத்தில் இருந்தால் வருகிறேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லட்டும், கடிகாரம் வரையச் சொல்லட்டும். எனக்கு வயதாகிறது என்பது எனக்குத் தெரியும். பெயர்கள் சில சமயம் நழுவுகின்றன. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பீடத்தின் முன்னால் நான் சிரித்ததை மட்டும் அந்த டாக்டரின் தாளில் எழுதவைக்காதே. அது நோய் இல்லை. நீ பன்னிரண்டு வயதில் எழுதினாயே ஒரு வரி, அது பிழை இல்லாததுபோல. நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்துவிடாதே, மகனே. கோபம் ஏன் வரவில்லை என்று முதலில் எழுதினேன் அல்லவா, காரணம் இதுதான். போனில் உன் குரலைக் கேட்டதும், திருத்தும் பேனாவைக் கையில் பிடித்திருந்த என் குரலேதான் கேட்டது.

வீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம், ஓடிப் போகாது. டிசம்பரில் உன் அப்பாவின் நினைவு நாள் வருகிறது. ஆயரிடம் போய்ப் பேசிவிட்டேன். அன்றைய வேதபாடத்தை வாசிக்க உன் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன், பென்சிலால். விசுவாசிக்கிறாயா என்று நான் கேட்க மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். வாசிக்க விருப்பமா என்று மட்டும் கேட்கிறேன். விருப்பம் என்றால் மையால் எழுதிவிடலாம். இல்லை என்றாலும் என் பக்கத்தில், முதல் வரிசையில் உட்கார்.

அந்தப் பரீட்சைத் தாள் இப்போது என்னிடம் இல்லை. இருந்தால் திருத்தி அனுப்பியிருப்பேன். அதற்குப் பதிலாக இந்த உறையில் கோடு போட்ட வெற்றுத் தாள்கள் நான்கு வைத்திருக்கிறேன். நட்சத்திரங்களின் பிள்ளைகளைப் பற்றி எழுத இடம் போதவில்லை என்றாய் அல்லவா? இடம் இருக்கிறது. போதாவிட்டால் பின்பக்கமும் எழுது. போனில் சொல்லாதே, செல்போனில் தட்டாதே. கையால் எழுதித் தபாலில் போடு. கேட்டதற்கு மட்டும் பதில் எழுத வேண்டாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
அம்மா